யோகன் எண்ணத் தொடங்கும் இடம்

1

என் மகள் தர்சினி இரண்டு வருடமாக என் வீட்டுக்கு வரவில்லை. சண்டை எதுவும் இல்லை. முதலில் வேலை, பிறகு தூரம், பிறகு பழக்கம். அவள் ஹனோவரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறாள். பீலெஃபெல்டுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. அவளைப் பார்க்க நானும் போகவில்லை. ஜேர்மனியில் பிள்ளை பெற்ற எங்கள் ஆட்களுக்கு இது புதிய கதை இல்லை.

இந்த மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் சொல்லாமல் வந்து நின்றாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினாள். முதலில் இசைத்தட்டின் கரகரப்பு. பிறகு ஒரு இளைஞனின் குரல்: “ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.” அதற்குப் பின்னால் ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், எலக்ட்ரிக் பியானோ.

“பப்பா, இந்தப் படத்தில நிக்கிறது நீங்களா?”

திரையில் பழைய தட்டின் உறை. மூன்று பேர். நடுவில் பெரிய மீசையோடு பேஸ் கிட்டாரைத் துவக்குப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். வலது பக்கம் பியானோ வாசித்த டெரல் என்ற கறுப்பு அமெரிக்கன். இடது பக்கம் யோகன். எண்ணுவது அவனுடைய குரல். அவன் காணாமல் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

தர்சினிக்கு நான் இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய் வந்து படுக்கிற மனிதன். அந்த மனிதன் ஒரு காலத்தில் எதையாவது வாசித்தான் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளுடைய தாய்க்கே நான் முழுதாகச் சொன்னதில்லை. அவள் காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது.

விஷயம் இதுதான். ஹம்பேர்க்கில் யோனாஸ் என்றொரு பொடியன் பழைய சந்தைகளில் தட்டுத் தேடி அலைகிறவன். எங்கள் தட்டு அவன் கையில் அகப்பட்டிருக்கிறது. நாங்கள் அச்சடித்ததே கொஞ்சம்தான். ஜேர்மனிக்குள் இப்படி ஒரு ஜாஸ்-ஃபங்க் தட்டு, அதுவும் அகதிகள் வாசித்தது, வந்ததாக யாருக்கும் தெரியாதாம். அதைத் திரும்ப வெளியிட வேண்டும் என்கிறான். என் குடும்பப் பெயரை வைத்துத் தேடித் தர்சினியைக் கண்டுபிடித்திருக்கிறான். வாசித்த மூவரின் சம்மதமும் வேண்டும்.

அன்று பின்னேரம் வரை தர்சினி இருந்தாள். சோறு சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

2

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின், பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் என்று வந்து விழுந்தவன். எங்களைத் தெற்கே, எர்லாங்கனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதியில் போட்டார்கள். அறைக்கு ஆறு பேர். மாவட்டத்தை விட்டு வெளியே போகக் கூடாது. வேலை செய்யக் கூடாது. சாப்பாடு பெட்டியில் வரும். அந்தப் பெட்டியின் அடியைத் தட்டியே யோகன் எங்களைப் பைத்தியமாக்கினான். ஊரில் அவன் ஒரு பொப் இசைக் கோஷ்டியில் கொங்கோவும் ட்ரம்ஸும் அடித்தவன். திருவிழா மேடைகளில் பெயர் எடுத்தவன்.

அந்த நாட்களில் அங்கே அமெரிக்கப் படை முகாம் இருந்தது. சிப்பாய்கள் ஆட வருகிற ஒரு மண்டபத்தை நானும் யோகனும் மத்தியானங்களில் கள்ளமாகத் துப்புரவு செய்தோம். டெரலும் ஒரு சிப்பாய்தான், அந்த நேரத்தில் வந்து பியானோ பழகுவான். ஒருநாள் யோகன் தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்காமலே ட்ரம்ஸின் பின்னால் போய் உட்கார்ந்தான். டெரல் திரும்பிப் பார்த்தான். நிறுத்தவில்லை.

யோகனிடம் ஒரு பிழை இருந்தது. அது எங்கள் ஊர் மேடைக்காரர்களுக்கே உரிய பிழை. எங்கள் சனம் மேடையில் ஒரு கணம் சத்தம் நின்றாலும் கூவென்று கத்தும். மணலை அள்ளி எறியும். ஆகவே கோஷ்டிக்காரன் ஒரு துளி இடமும் விடாமல் அடித்துக்கொண்டேயிருப்பான். யோகனும் அப்படியே அடித்தான். டெரலின் இசைக்கு அது ஆகாது. முதல் அடியில் மூவரும் கல்லை இறக்குவதுபோல ஒன்றாக இறங்க வேண்டும். அதற்குப் பிறகு இடம் விட வேண்டும். அந்த வெறுமையில்தான் ஆடுகிறவனின் கால் வந்து விழுகிறது என்பான் டெரல்.

யோகனுக்கு அது விளங்க ஒரு மாரிகாலம் முழுவதும் எடுத்தது. அடிக்காமல் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பது அவனுக்கு வலி. “டேய் ராசன், சும்மா இருக்கேக்க எறியப் போறாங்கள் எண்டு முதுகு கூசுதடா” என்பான். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது. நாலு கம்பிதானே, அதைப் பிடி என்று டெரல் பேஸ் கிட்டாரைத் தந்தான். தெரியாதவனுக்கு இடம் விடுவது சுகம்.

ஒலிப்பதிவு செய்த இடம் எங்கள் மாவட்டத்துக்கு வெளியே. பிடிபட்டால் வழக்கு. டெரலின் பெரிய காரில், அமெரிக்க இலக்கத் தகட்டை நம்பி, பின் ஆசனத்தில் குனிந்து படுத்துக்கொண்டு போனோம். ஒலிப்பதிவு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் யோகன் பயத்தில் தமிழில் எண்ணிவிட்டான். எப்போதும் ஆங்கிலத்தில்தான் எண்ணுவான். திரும்ப எடுக்க வேண்டும் என்று கெஞ்சினான். டெரல் விடவில்லை. அது அப்படியே தட்டில் இருந்துவிட்டது.

3

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று ஊரில் உள்ளவர்களுக்குச் சொன்னால்தான் நான் சொல்வது விளங்கும். பாதி டெரல் சொன்னது. மீதி நானாகக் கேட்டு அறிந்தது. பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுக்க வேண்டும்.

ஜாஸ் முதலில் கறுப்பு மக்கள் ஆடிய இசை. காலம் போக அது கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் ஏறியது. கேட்கிறவர்கள் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தார்கள். ஆட விரும்பிய சனம் வெளியே ஃபங்க் இசைக்குப் போய்விட்டது. ஃபங்கில் பாட்டு பெரிதில்லை, தாளம்தான் பெரிது. முதல் அடிதான் வீட்டின் மூலைக்கல். அறுபதுகளின் முடிவில் சில ஜாஸ்காரர்கள், அதிலும் பசி கண்டவர்கள், தாங்களும் அந்தச் சனத்திடம் போகப் பார்த்தார்கள். மரப் பியானோவை விட்டு எலக்ட்ரிக் பியானோவுக்கு வந்தார்கள். நின்று வாசிக்கிற பெரிய பேஸ் வாத்தியத்தை விட்டுக் கழுத்தில் தொங்குகிற மின் பேஸை எடுத்தார்கள். மூலையில் கிடந்த பேஸும் ட்ரம்ஸும் முன்னுக்கு வந்தன. மேலே ஜாஸ்காரன் தன் மனம்போல அலையலாம். கீழே நிலம் அசையாது.

பழைய ஜாஸ்காரர்கள் காசுக்காக இனத்தை விற்றவர்கள் என்று திட்டினார்கள். ஃபங்க் ஆட்கள் இவர்களுக்கு விரல் கூடிப்போச்சு, தேவைக்கு மேல் வாசிக்கிறார்கள் என்று சிரித்தார்கள். இரண்டு வீட்டுக்காரரும் உள்ளே விடாத இசை அது. ஆனாலும் பத்து வருடம் நன்றாக ஓடியது. இங்கிலாந்தின் நடன மண்டபங்களில் அமெரிக்காவைவிடக் கூடுதலாக ஆடினார்களாம். ஜேர்மனிக்கு அதைச் சிப்பாய்கள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு அது வந்து சேர்ந்த நேரத்தில் அது செத்துக்கொண்டிருந்தது. தாள மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்குச் சாப்பாடு வேண்டாம், ட்ரம்ஸ்காரனுக்கு வேண்டும். டெரலின் ஊரில் அவனோடு வாசித்தவர்கள் வாடகைக் கார் ஓட்டப் போனார்கள். டெரலே அதனால்தான் படையில் சேர்ந்தான்.

பிறகு வந்த பொடியள் அந்தப் பழைய தட்டுகளில் இருந்து நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி, அதையே சுழலவிட்டு, மேலே தங்கள் பேச்சைப் போட்டார்கள். வாசித்தவன் எங்கே, என்ன செய்கிறான் என்று அநேகர் கேட்கவில்லை. அதற்கும் பிறகுதான் யோனாஸ் போன்றவர்கள் வந்தார்கள். இவர்கள் கேட்கிறார்கள். அதுதான் தொல்லை.

4

யோனாஸ் பங்குனியில் வீட்டுக்கு வந்தான். கேக் கொண்டுவந்தான். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தான். தட்டைக் கண்ணாடி மாதிரி இரண்டு கையாலும் பிடித்தான். என்னோடு மரியாதையாகப் பேசினான். இந்த நாட்டில் என் பேச்சை யாரும் இடைமறிக்காமல் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். தர்சினி பக்கத்தில் இருந்து, நான் ஜேர்மனில் தடக்குப்படுகிற இடங்களில் எடுத்துக்கொடுத்தாள். வெட்கப்படாமல் கொடுத்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பெற்றார் கூட்டங்களில் நான் வாய் திறந்தால் அவள் யன்னலைப் பார்ப்பாள்.

டெரல் தன் ஊரிலேயே இறந்துபோனானாம். அவனுடைய மகள் மரணச் சான்றிதழையும் சம்மதத்தையும் உடனே அனுப்பிவிட்டாள். இனி யோகன். யோனாஸ் அதைத் தயங்கித்தான் சொன்னான். ஒன்று அவருடைய கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் மரணச் சான்றிதழும் உரித்தாளியின் கையெழுத்தும் வேண்டும்.

யோகனுக்குச் சான்றிதழ் இல்லை. சமாதான காலத்தில் அவன் தாயைப் பார்க்க வன்னிக்குப் போனான். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் ஜேர்மன் விசா செத்துவிடும். அது அவனுக்குத் தெரியும். ஏழாவது மாதமும் அங்கேயே நின்றான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தாளம் பழக்குகிறேன் என்று தொலைபேசியில் சொன்னான். “இதுகளும் இடம் விடாமத்தான் அடிக்குதுகள்” என்று சிரித்தான். பிறகு யுத்தம் திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டினார்கள். யுத்தம் முடிந்த நாட்களில் அவன் சனத்தோடு நடந்து வந்து, இராணுவத்திடம் பெயர் பதிந்து, ஒரு பஸ்ஸில் ஏறினதைப் பக்கத்துக் காணிப் பெண் ஒருத்தி கண்டிருக்கிறாள். பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு இப்போது உரித்தான ஒரே ஆள் தமக்கை. தவமணி அக்கா. பீலெஃபெல்டில்தான் இருக்கிறார். எழுபதைத் தாண்டிவிட்டது.

காணாமல் போனவரை இறந்தவராக அறிவிக்க இந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழி இருக்கிறது, சகோதரி மனுக் கொடுக்கலாமாம். தர்சினி தன் வேலையில் இப்படியானவற்றைக் கண்டவள். அன்ராக் என்கிற மனுப் பத்திரங்கள் எல்லாவற்றையும் தானே நிரப்பினாள். கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி போட்டாள். ஞாயிறு தவறாமல் வந்தாள். ஒருமுறை பழைய பேஸ் கிட்டார் ஒன்றை எங்கோ வாங்கித் தூக்கிக்கொண்டு வந்து, வாசித்துக் காட்டுங்கோ என்றாள். இடது கையைக் காட்டினேன். மோதிர விரலின் பாதியை இறைச்சி வெட்டும் மெஷின் எடுத்தது அவள் பிறக்கும் முன்பு. அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாள். அதை வாசிக்கிற கை என்று அவள் யோசித்ததில்லை. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவைத்தாள்.

எனக்குத் தட்டு வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? இந்த நாட்டில் நான் கழுவிய கோப்பைகளும் வெட்டிய இறைச்சியும் எங்கேயும் இல்லை. அந்தத் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. அது திரும்ப வந்தால் மகளும் வருவாள் என்று ஒரு கணக்கும் என்னிடம் இருந்தது.

5

ஆவணியில் யோகனின் பிறந்த நட்சத்திரம் வரும். தவமணி அக்கா வருடாவருடம் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்வார். இந்த வருடம் தர்சினி கார் ஓட்டினாள். பத்திரங்கள் என் ஜக்கெட்டுக்குள் இருந்தன. போகும் வழியில் அக்கா மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்.

“உன்ர அப்பா வாசிச்சவர் எண்டு இப்பதானோ பிள்ளை உனக்குத் தெரியும்? இவை ரெண்டு பேரும் வாசிச்சதைவிடப் பொலிசுக்குப் பயந்து ஓடினதுதான் கூட எண்டு யோகன் கடிதத்தில எழுதுவான்.”

தர்சினி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் முன்பு தச்சுப் பட்டறையாக இருந்த கட்டடம். வாசலில் சீட்டு எழுதுகிற மேசையில் இங்கே பிறந்த ஒரு பொடியன் கணினியோடு இருந்தான். அக்கா பெயரும் நட்சத்திரமும் சொன்னார். “யோகநாதன். பூரட்டாதி.”

அவன் தட்டெழுதிவிட்டு, எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டான். “அர்ச்சனையோ அன்ரி, மோட்ச அர்ச்சனையோ?”

இருப்பவருக்கு ஒன்று, இறந்தவருக்கு மற்றது. பின்னால் வரிசையில் சனம் நின்றது. அக்காவின் முகம் மாறவில்லை. “அர்ச்சனை தம்பி” என்றார். பொடியன் சீட்டைக் கொடுத்தான். அந்த இடத்திலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. இருந்தும் அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டு முடிந்த பிறகு நான் வாயைத் திறந்தேன். ஆசை அப்படி.

தட்டைப் பற்றிச் சொன்னேன். யோனாஸைப் பற்றிச் சொன்னேன். அக்கா இலையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சான்றிதழ் என்ற இடத்தில் நான் மெதுவாக்கியதை உடனே பிடித்துவிட்டார்.

“என்ன எழுதச் சொல்லுறாய் ராசன்?”

 தர்சினி சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழில், நேராகச் சொன்னாள். “அன்ரி, இது பேப்பர் மட்டும்தான். நீங்கள் மனசில அவர் இருக்கிறார் எண்டு வைச்சிருக்கலாம்.”

அக்கா அவளைக் கோபிக்கவில்லை. ஊரில் தாயிடமும் அதிகாரிகள் இப்படித்தான் வந்தார்களாம். கையெழுத்து வைத்தால் உதவி கிடைக்கும், கோழிக்கூடு போடலாம் என்றார்களாம். தாய் வைக்கவில்லை. சாகும்வரை வைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா வைக்காத இடத்தில நான் வைக்கிறதோ? ஆரோ முகம் தெரியாத ஆக்கள் அவன்ர பாட்டைக் கேக்கிறதுக்காண்டி, நான் அவனைச் சாகக் குடுக்கோணுமோ ராசன்?”

  ஜக்கெட்டில் இருந்ததை நான் வெளியே எடுக்கவில்லை.

தர்சினிக்கு வேறு யோசனை. பாட்டைக் கேட்டால் அக்கா மாறுவார் என்று நினைத்திருக்க வேண்டும். தொலைபேசியை எடுத்து அக்காவின் காதருகே பிடித்தாள். அந்தத் தட்டை அக்கா கேட்டதே இல்லை. அது வந்த காலத்தில் அவர் ஊரில் இருந்தார். கரகரப்பு வந்தது. யோகன் எண்ணினான். ட்ரம்ஸ் இறங்கியது.

அக்கா ஒரு கையால் தொலைபேசியைத் தள்ளினார். மறுகையால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “திருப்பிப் போடு பிள்ளை. பாட்டு வேண்டாம். எண்ணுறதை மட்டும் போடு.”

தர்சினி போட்டாள். ட்ரம்ஸ் வருவதற்கு முன்னால் நிறுத்தினாள். திரும்பவும் என்றார். திரும்பவும் போட்டாள். பக்கத்து மேசைகளில் சனம் சாப்பிட்டு எழும்பிப் போய்விட்டது. அண்டா கழுவுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. அக்கா போதும் என்று சொல்லவேயில்லை.

6

நடந்ததை யோனாஸுக்குச் சொன்னோம். நல்ல பொடியன், வருந்தினான். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தான். இப்போது கணினியால் ஒரு பதிவில் இருந்து ட்ரம்ஸை மட்டும் பிரித்து எடுத்துவிடலாமாம். யோகனை எடுத்துவிட்டு, அதே தாளத்தை ஒரு இளைஞனை வைத்து வாசிப்பிக்கலாம், அல்லது மெஷினாலேயே செய்யலாம். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கையெழுத்தும் தேவைப்படாது என்று நினைக்கிறானாம்.

எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். யோகன் அந்த இடங்களை விடப் பழகிய மாரிகாலத்தை நான் பார்த்தவன். யோகன் அடிக்காமல் விட்ட இடத்தில் முதுகு கூசிக்கொண்டு ஒரு ஆள் இருக்கிறான். மெஷின் அதை வெறும் இடமாகத்தான் விடும். வேண்டாம் என்றேன்.

தர்சினிக்குக் கோபம் வந்தது. “நீங்கள் எல்லாரும் விசர். அவர் வர மாட்டார் எண்டு உங்களுக்குத் தெரியும் பப்பா. அன்ரிக்கும் தெரியும்” என்றாள். ஓம், தெரியும் என்றேன். பிறகு ஏன் என்றாள்.  அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. புரட்டாதி முடிந்து இப்போது மரங்கள் இலை கொட்டத் தொடங்கிவிட்டன. அந்தக் கிட்டார் சுவரிலேயே இருக்கிறது.

போன கிழமை தவமணி அக்கா தொலைபேசி எடுத்தார். தர்சினி அவருக்கு ஒன்று அனுப்பியிருக்கிறாளாம். கரகரப்பை எல்லாம் துடைத்து, யோகன் எண்ணுவதை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறாள். அக்கா விடிய எழும்பியதும் அதை ஒருதரம் போடுவாராம்.

“நாலு எண்டுறான், பிறகு ஒண்டும் இல்லை” என்றார்.

“பாட்டு வேண்டாம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள் அக்கா.”

“ஓம். மிச்சத்தை அவன் வந்து அடிக்கட்டும்.”

தொலைபேசியை வைத்த பிறகு யோனாஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக என் ஜேர்மனைத் தர்சினிதான் திருத்துவாள். இதை அவளுக்கு அனுப்பவில்லை. அலுவலகங்களுக்கு எழுதி எழுதிப் பழகிய மாதிரியே எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, ட்ரம்ஸ் வாசித்தவர் தற்போது இந்த நாட்டில் இல்லை. அவர் வந்ததும் கையெழுத்து வைப்பார். அதுவரை பொறுத்துக்கொள்ளவும்.